நடுப்பத்துக்கு ஒரு வழி

அத்தியாயம் 11

போன வாரம் பூர்ணிமாவை, காதில் போனோடு, வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். அவள் ஒன்றும் சும்மா நிற்கவில்லை. யூடியூபில் மழை பற்றிப் பேசுகிற ஆள் சொன்னதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கேட்டாலும் அந்த ஆள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். கடலில் தாழ்வுநிலை உருவாகியிருக்கிறது, நாளை இரவிலிருந்து டெல்டாவில் மழை.

தை பாதி தாண்டிய பிறகு மழை. நெல் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கிற நேரத்தில் மழை. சாய்ந்த பயிர் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைத்துவிடும். முளைக்காமல் தப்பினாலும் ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். புதுக்கட்டளை ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"என்னங்க, வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவாங்க" என்றாள் உள்ளே பார்த்து.

இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பரணிதரன் தலையைத் தூக்கினான். "வழி?"

"வழியை நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அப்படித் தெரியாமலே கிளம்புவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தலையை வாரி முடிந்தாள், ஸ்கூட்டியை எடுத்தாள், பறந்துவிட்டாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பரணிதரன் கத்தாரில் புல்டோசர் ஓட்டியவன். கம்பெனி வேலை முடிந்து ஊர் திரும்பி, இனி என்ன என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அறுவடை மிஷின் வாங்கலாம் என்று சொன்னவள் பூர்ணிமா. ஒவ்வொரு அறுவடைக்கும் வெளி மாவட்டத்து மிஷின்கள் லாரியில் ஏறி இங்கே வரும். ராஜராஜன் என்கிற புரோக்கர்தான் அழைத்து வருவார். வானம் வெளுத்திருந்தால் ஒரு வாடகை, கறுத்தால் இன்னொரு வாடகை. சீசன் முடிந்தால் மிஷினும் போய்விடும், ஊர்க்காசும் அதோடு லாரி ஏறிவிடும். அந்த வண்டி நம்ம ஊரிலேயே நின்றால் என்ன என்று கேட்டாள் பூர்ணிமா. கேட்டதோடு விட்டாளா? கல்யாணத்தின்போது அப்பா வீரையன் அவள் பேரில் எழுதி வைத்த வயலை விற்று, ஏற்கெனவே ஓடிய, டயருக்குப் பதில் பெல்ட் போட்ட அறுவடை வண்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டாள்.

வீரையன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அந்த விற்பனைப் பத்திரம் பதிவான நாளிலிருந்து மகளிடம் பேச்சு இல்லை. தானாக விற்றிருக்க மாட்டாள், மருமகன்தான் விற்க வைத்தான் என்பது அவர் கட்சி. யோசனை என்னுடையதுதான் அப்பா என்று அவள் சொல்லி அனுப்பாத ஆள் இல்லை. மனுஷன் நம்பினால்தானே.

ஆனால் குறுவைக்கு அந்த வண்டி வயலில் இறங்கியதும் ஊருக்கே ஒரு களை வந்துவிட்டது. கூத்தாநல்லூர் போகிற ரோட்டில் ஹாஜா மைதீன் கடையில் பெல்ட்டும் பேரிங்கும் புதிதாக வாங்கி அடுக்கினார்கள். வெல்டிங் பட்டறையில் ராத்திரி பகல் பாராமல் பொறி பறந்தது. மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் ஒரே வாடகை என்று பூர்ணிமா கொடுத்த வார்த்தைக்காக, நடுப்பத்து ஆட்கள் இந்தத் தடவை ராஜராஜனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

இந்த நடுப்பத்துதான் சிக்கல். ஊருக்கு நடுவே கிடக்கிற வயல்பரப்பு அது. மூன்று பக்கம் ஆழமான வாய்க்கால், வண்டி இறங்காது. நாலாவது பக்கம் ரோடு. ரோட்டுக்கும் நடுப்பத்துக்கும் இடையில் ஒரே ஒருவர் வயல்தான். அதை அறுத்த பிறகுதான் வண்டி உள்ளே போக முடியும். அந்த வயல் யாருடையது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். வீரையனுடையது. ஐப்பசி மழையில் முதல் நடவு அழுகிப்போய் மறுநடவு போட்டதால், நடுப்பத்து முழுக்க மஞ்சளாகச் சாய்ந்து நிற்க, அவர் பயிர் மட்டும் பச்சையாக விறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு வாரமாவது ஆகும்.

மழைக்கு இரண்டு வாரம் பொறுமை கிடையாது.

வீரையன் வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பூர்ணிமா ஸ்கூட்டியை நிறுத்தி ஓட்டமாக இறங்கினாள். எட்டு மாதம் கழித்து அப்பா முன்னால் நிற்கிறாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"அப்பா, வண்டி அகலத்துக்கு மட்டும் ஒரு வழி வேணும். அதுல போற நெல்லுக்கு விலை போட்டு, மேலயே சேத்துக் குடுத்துடறேன். நீங்க நஷ்டப்பட வேண்டாம்."

வீரையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வரப்பு மேலேயே நடந்து போய்விட்டார்.

வீடு திரும்பவில்லை அவள், அதற்குள் அம்மா அம்சத்திடமிருந்து போன்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வழிக்கா விலை பேசினே?"

பூர்ணிமா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அட, ஆமாம். இந்தப் பக்கத்தில் முன்வயல்காரர் பின்வயல்காரருக்கு வழி விடுவார், சரி. ஆனால் யாரும் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். ஒரு வருஷம் வாங்கினால் அடுத்த வருஷம் கொடுத்தவன் கேட்டுக்கொண்டு வர மாட்டான், வழி என் உரிமை என்று பாத்தியம் பேசிக்கொண்டு வருவான். அதனால் பின்னால் நெல் வைத்திருக்கிறவர் வந்து கேட்க வேண்டும், முன்னால் இருப்பவர் விட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பூர்ணிமாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வண்டிக்கு முதலாளி ஆன எட்டு மாதத்தில் எதைப் பார்த்தாலும் வாடகையாகவே தெரிகிற வியாதி பிடித்துவிட்டது. அப்பாவிடமே போய் வாடகை பேசிவிட்டாள்.

"அவரு வந்து இதைச் சொல்லிட்டுப் படுத்துட்டாரு. மூஞ்சியக்கூட திருப்பல" என்றாள் அம்மா. குரல் இறங்கியது. "உன்னைப் பாத்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சாம்டி. காலைக் கழுவறத நிறுத்திட்டாராம். அதுக்குள்ள நீ காசுன்னுட்டே."

அதைக் கேட்டதும் பூர்ணிமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அழ நேரம் இருந்தால்தானே? ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலிருந்து வண்டி உறுமிக்கொண்டு வெளியே வருகிற சத்தம் தெரு முனையில் கேட்டது. பின்னாலேயே இன்னொரு செய்தியும் வந்தது. குடவாசல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற இரண்டு மிஷினை ராஜராஜன் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டாராம். பெத்த அப்பனே வழி விடாத வண்டியை நம்பி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நடுப்பத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கிறாராம். வாடகை என்ன என்று கேட்டால், வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாராம். அப்படியும் ரெண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. வருஷத்துச் சோறு வயலில் நிற்கிறது.

இன்று வண்டி உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று பூர்ணிமாவுக்கு நன்றாகவே தெரிந்தது. கொடுத்த வார்த்தை போகும். அடுத்த சீசனுக்கு ஒருத்தரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். வயலை விற்று வாங்கிய வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும். அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பரணிதரன் கீழே இறங்குவதற்கும், ஹபீபுன்னிசா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகவேகமாக வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. புருஷன் குவைத்தில். நடுப்பத்தின் கடைசி மூலையில் இருக்கிற வயலை, நாற்று விட்டதிலிருந்து நின்று பார்த்துக்கொள்வது இந்த அம்மாள்தான். அவர் பின்னால் நடுப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"நீ ஏம்மா போனே?" என்றார் பூர்ணிமாவிடம், வந்ததும் வராததுமாக. "வண்டிக்காரி போயி வழி கேக்கற வழக்கம் எங்கயாச்சும் உண்டா? நெல்லு எங்களோடது. கேக்க வேண்டியது நாங்க. நீ இங்கயே நில்லு, வாயத் தொறக்காத."

பூர்ணிமா வாயைத் திறக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்று பரணிதரன் பிறகு சொன்னான்.

அவர்கள் வீரையனை வீட்டிலிருந்தே அழைத்து வந்துவிட்டார்கள். வயல் தலைப்பில் எல்லாரும் நின்றார்கள். ரோட்டில் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற பூர்ணிமாவுக்கு அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, எங்க நெல்லு உங்களுக்குப் பின்னால நிக்கிது. மழை வருதுங்கறாங்க. வழி விடணும்" என்றார் ஹபீபுன்னிசா.

"வழி உங்களுக்கு உண்டும்மா. எப்ப இல்லேன்னேன்?" என்றார் வீரையன்.

அவ்வளவுதான். காலையிலிருந்து மலையாக நின்ற விஷயம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. பூர்ணிமா பரணிதரனின் கையைப் பிடித்து நசுக்கினாள். ஆனால் வீரையன் முடிக்கவில்லை. வண்டியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். என் பயிரு மேல மாப்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது. வயலை நான்தான் வித்தேன், வண்டிய நான்தான் வாங்கினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாளே, அவ ஓட்டட்டும்."

எல்லாரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள்.

பூர்ணிமாவுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. குறுவை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல்களில் பரணிதரன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். வளைப்பாள், திருப்புவாள், கட்டரை ஏற்றி இறக்குவாள். ஆனால் நிற்கிற பயிரில் இதுவரை ஒரு அடி அறுத்ததில்லை. அதுவும் பச்சைப் பயிரில். பச்சைத்தாள் கதிரடிக்கிற டிரம்மில் சுற்றிக்கொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பிரித்துப் போட்டுக் கிளப்ப அரை நாள் ஆகும். வழியை அடைத்துக்கொண்டு நடுவயலில் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு ஊரே ராஜராஜனிடம் போய்விடும்.

"மாமா வேணும்னே..." என்று ஆரம்பித்தான் பரணிதரன்.

"இல்ல. அவரு சரியாத்தான் கேக்கறாரு. சாவியக் குடுங்க" என்றாள் பூர்ணிமா. கையை நீட்டினாள். உள்ளுக்குள் என்னவோ குதியாட்டம் போட்டது. எட்டு மாதமாக ஆள் விட்டுச் சொல்லியும் நம்பாத மனுஷனுக்கு, கண் முன்னால் காட்டுவதற்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பரணிதரன் அவசரம் அவசரமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். கட்டரைத் தூக்கியே வைத்துக்கொள், கதிர் மட்டும் உள்ளே போகட்டும், தாள் நின்றுகொள்ளட்டும். ஆக்சிலேட்டரைக் குறைக்காதே, வண்டியை மட்டும் ஆமை வேகத்தில் விடு. சத்தம் கனத்தால் உடனே நிறுத்திப் பின்னால் எடு. நான் முன்னால் நடக்கிறேன், என் கையையே பார்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தபோது கீழே வீரையன் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். ரோட்டோர வரப்பை அவரே வெட்டிச் சரித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்தவர்களை விலகச் சொல்லிவிட்டார். ஐம்பது வருஷமாக அணைத்துக் கட்டிய வரப்பு. வெட்டி முடித்துப் பலகை இரண்டைச் சரிவில் போட்டுவிட்டு, நிமிராமலே கையால் வா என்று சைகை காட்டினார்.

பூர்ணிமா லீவரைத் தள்ளினாள். வண்டி முன்பக்கமாகச் சரிந்தது. ஒரு கணம் கண்ணெதிரே பச்சை மட்டும்தான் தெரிந்தது, வானமே காணோம். மாரியம்மா என்றாள். பலகை முனகியது, பெல்ட் சேற்றைக் கவ்வியது, வண்டி நிமிர்ந்து வயலில் உட்கார்ந்தது. ரோட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

கட்டரைத் தூக்கினாள். கதிரை உள்ளே இழுக்கிற சக்கரம் சுற்றியது. முதல் கதிர்கள் சரசரவென்று உள்ளே போயின. பால் காய்ந்தும் காயாத நெல் தொட்டியில் மெத்து மெத்தென்று விழுந்தது. அப்பாவின் நெல். அதை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முன்னால் பரணிதரன் பின்புறமாகவே நடந்துகொண்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான், கத்தாரில் கிரேனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி.

பாதி வயல் தாண்டியதும் சத்தம் மாறியது. அவன் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிரம் திணறுகிறது. நிறுத்தினாள். பின்னால் எடுத்தாள். மிஷினை வெறுமனே சுற்ற விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டியின் பின்பக்கம் ஒரு பச்சைத்தாள் கற்றை பொத்தென்று வந்து விழுந்தது. சத்தம் லேசானது. கட்டரை இன்னும் ஒரு சாண் தூக்கி, மறுபடி உள்ளே விட்டாள்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

கடைசி வரப்பை ஏறி இறங்கியதும் ஒரேயடியாக நிறம் மாறிவிட்டது. எதிரே நடுப்பத்து. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். பூர்ணிமா கேபினுக்குள்ளேயே வாய்விட்டுச் சிரித்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. ஹபீபுன்னிசா வரப்பில் நின்று இரண்டு கையையும் வானத்தை நோக்கி ஏந்தினார். தார்ப்பாய் விரித்து அந்தப் பச்சை நெல்லைக் கொட்டிவிட்டு, வீரையன் வீட்டு மாட்டுக்கு ஆகட்டும் என்று யாரோ சுருட்டிக் கட்டினார்கள். முதல் வயலில் நல்ல நெல் தொட்டியில் சலசலவென்று விழ ஆரம்பித்தது. நாளை பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம், ஒரே வாடகைக்கு, ஒரே வண்டியால் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

ரோட்டில் இரண்டு லாரிகள் நின்றன. பின்பலகை திறந்து ராஜராஜனின் மிஷின்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ராஜராஜன் காலையில் தலையாட்டிய அந்த ரெண்டு பேரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வீரையனிடம் போனார். அவர்கள் பேசினார்கள். எங்கள் நெல்லும் பின்னால்தான் நிற்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேறென்ன சொல்ல முடியும்? வீரையன் ஓரமாக விலகி, மகள் போட்ட வழியைக் கையால் காட்டினார்.

மழை வாடகை வண்டிகள் இரண்டும் சரிவில் மூக்கை நுழைத்தன.

"இது அநியாயம்" என்றான் பரணிதரன். "நம்ம போட்ட வழி."

நம்ம வழி இல்லை என்று பூர்ணிமாவுக்குத் தெரியும். அப்பா யாருக்கும் வழி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு எரிந்தது. இரண்டு வண்டி ஒரு வண்டியை முந்துவதற்கு எவ்வளவு நேரமாகும்? அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டால் வாடகையும் அவர்கள் வைத்ததுதான். அவள் கை லீவர் மேல் அப்படியே நின்றது.

வெட்டுப்பட்ட தாளுக்கு நடுவே வீரையன் வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நடக்கவில்லை, ஓடினார். ராஜராஜன் வண்டிகளுக்கு முன்னால், மூச்சு வாங்க, அந்த வயசில், ஓடி வந்தார். வந்தவர் பூர்ணிமாவின் வண்டிப் படியில் கால் வைத்து ஏறினார். கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"கேட்டாங்க, விட்டேன். அது என் கடமை" என்றார் மூச்சிரைப்புக்கு நடுவே. "தெக்கால அந்த ரெண்டு பேரு வயலுதான். அதுக்கப்புறம் வாய்க்காலு. அவனுங்க அங்க அறுத்துட்டு நிக்கட்டும். மத்த வயலுக்கெல்லாம் வடக்கு வரப்ப ஒட்டித்தான் போகணும். அத நீ முன்னால புடிச்சுட்டீன்னா, நிக்கிற பயிர மிதிக்காம உன்னத் தாண்டி ஒருத்தனும் போக முடியாது."

பூர்ணிமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி என் மூஞ்சியப் பாக்குற?" என்றார் வீரையன், படியிலிருந்து இறங்காமலே. "வண்டிய எடு."